முன்னறையில் ஒரு கடல்

போன செவ்வாய்க்கிழமை நான் ஒரு கடலைக் கெடுத்தேன். சுட்டுவிரலால்.

வேண்டுமென்று செய்யவில்லை. காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்தேன்... அவ்வளவுதான். காயவில்லை. விரலை எடுத்தபோது கடலும் கொஞ்சம் கூடவே இழுபட்டு வந்தது. நடுக்கடலில் ஒரு பள்ளம், பள்ளத்துக்குள் என் கைரேகை. நான் வேலை பார்க்கிற அரசாங்கக் கச்சேரிக்குக் கைநாட்டு வைக்க வருகிறவர்கள்கூட இவ்வளவு தெளிவாக வைத்து நான் கண்டதில்லை.

என் மனைவி புஷ்பம் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. இருபது வருஷமாக அவளிடம் எனக்குப் பிடிக்காத குணம் இதுதான். இரண்டு வார்த்தை திட்டினால் நானும் இரண்டு வார்த்தை பதிலுக்குச் சொல்லிவிட்டு ஆறிப்போவேன். வாயே திறக்காமல் இருந்தால் மனிதன் என்ன செய்வான்? செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நடந்துவிட்டு வந்தேன்.

மலைக்கு நடுவே இருக்கிற பதுளையில் கடல் ஏது என்று கேட்கிறீர்களா?

எங்கள் வீட்டு முன்னறையில் இருக்கிறது. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம். இரண்டு பழைய மேசைகளைச் சேர்த்துப் போட்டு, அதன்மேல் ஒரு பெரிய பலகை. பலகையின் ஒரு பக்கம் மலை, சுரங்கம், வளைவு. மறுபக்கம் ஒரு ஸ்டேஷன், அதை ஒட்டிக் கடல். சுற்றிவரத் தண்டவாளம். அதில் என் உள்ளங்கை நீள எஞ்சின் ஒன்று மூன்று பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஓடும். விளையாட்டு ரயில்தான். ஆனால் விளையாட்டுச் சாமான் என்று சொன்னால் புஷ்பத்துக்குப் பிடிக்காது.

அந்த ரயில் என் அவசரபுத்தியின் சொத்து. மூன்று வருஷத்துக்கு முன் நமுனுகுலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை மாற்றலாகிப் போனபோது பங்களாச் சாமான்களை விற்றார்கள். எல்லாரும் அலுமாரி, கட்டில் என்று பார்த்துக்கொண்டிருக்க, நான் இந்த ரயில் இருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். காளான் வளர்த்தது, தபேலா படித்தது, லவ்பேர்ட்ஸ் வாங்கியது எல்லாம் இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு ஞாபகமிருக்கும். அந்த வரிசையில் ரயிலும் கட்டிலுக்கடியில் போய்ச் சேர்ந்தது.

அதை வெளியே எடுத்தவள் புஷ்பம். ஏன் எடுத்தாள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

அவளுக்குக் கழுத்தில் ஒரு கட்டி. புளியங்கொட்டை அளவு. மாதக் கணக்காக இருந்திருக்கிறது, சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு பள்ளிக்கூடம் போய் மனையியல் படிப்பித்துவிட்டு வந்திருக்கிறாள். நான் கண்டு, சத்தம் போட்டு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், பொறுமையான மனிதர். கட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கொழும்புக்குப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

“மூண்டு கிழமையில ரிப்போர்ட் வரும். அதுக்குப் பிறகு கதைப்பம். இப்ப ஒண்டும் யோசியாதேங்கோ” என்றார்.

மூன்று வாரம் யோசிக்காமல் இருப்பதாம்! புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிற மஹரகமவின் பெயரை டொக்டர் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தப் பெயரைச் சொல்லாமலிருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மழையைப் பற்றிப் பேசினேன், மரக்கறி விலையைப் பற்றிப் பேசினேன், கண்டக்டரோடு சண்டைபோட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் புஷ்பம் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். பிறகு, “அந்த ரயில எடுங்க” என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்த நேரத்தில் ரயிலா? ஆனால் சும்மா இருப்பதைவிட எதையாவது தூக்குவது எனக்கு நல்லது. தூக்கினேன்.

மலையும் சுரங்கமும் இரண்டு நாளில் முடிந்துவிட்டன. மலைக்கு நமக்கு யார் பாடம் எடுக்க வேண்டும்? ஜன்னலைத் திறந்தால் இருக்கிறது. அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் கடல் வேண்டும் என்றாள்.

எந்த ஊர்க் கடல் என்று கேட்டேன்.

“ரயிலு போய் முடியிற ஊரு கடலு. இந்தப் பக்கம் நம்ம ஸ்டேஷனோட தண்டவாளம் முடியுது. அந்தப் பக்கமும் எங்கயாவது முடியணும்ல?”

நான் கடலை நாலு தடவை பார்த்திருக்கிறேன். அவள் மூன்று. போய்ப் பார்த்துவிட்டு வந்து செய்யலாமென்றால், இந்தச் சண்டைக் காலத்தில் தமிழர் கொழும்பில் இறங்கினால் லொட்ஜிலே பொலிஸ் பதிவு, சந்திக்குச் சந்தி அடையாள அட்டை... கடலைப் பார்க்க வந்தோம் என்றால் யார் நம்புவார்கள்? ஞாபகத்திலிருந்தே செய்தோம்.

செய்தோம் என்பது மரியாதைக்குச் சொல்வது. செய்தவள் அவள். ஐஸ்கிறீம் குச்சிகளை வெட்டி ஒரு படகுத்துறை. துறையிலிருந்து தண்ணீருக்கு இறங்க ஏழு படிகள், ஒவ்வொன்றும் நகத்தின் கனம். வெங்காயப் பையைப் பிரித்து மீன்வலை. பழைய தேயிலைச் செடியின் அடித்தண்டில் படர்ந்திருக்கிற பாசியைச் சுரண்டிவந்து துறைக் கட்டைகளில் ஒட்டினாள், நிஜமாகவே உப்புத் தண்ணீரில் ஊறிய மாதிரி இருந்தது. குண்டூசியில் விளக்குக் கம்பங்கள். நெருப்புக்குச்சியில் ஒரு பாரந்தூக்கி. கடலின் அடித்தளத்துக்குப் பச்சையும் நீலமும் கலந்து ஐந்து தடவை பூசினாள், கரைக்குக் கிட்ட வெளிறி, தூரப்போகப் போகக் கறுத்து.

கரைக்கு மணல் வேண்டும். பதுளு ஓயா ஆற்றிலிருந்து அள்ளி, கழுவி, காயவைத்து, அரிக்க வேண்டும் என்றாள். அதற்கு இரண்டு நாள் ஆகும். எனக்கு இரண்டு நாளா? ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு பெக்டரியில் வேலை பார்க்கிற என் மச்சானிடம் ஓடினேன். கூட்டித் தள்ளிய தேயிலைத் தூசி ஒரு பை நிறைய வாங்கிவந்தேன். ஈர மணலேதான்! புஷ்பம் பிறந்து வளர்ந்ததும் தோட்டத்தில். தேயிலைத் தூசி சட்டையில், தலையில், ஜன்னல் சட்டத்தில் கிடந்து பார்த்துப் பழகிய சனம் நாங்கள், அதை மண்ணுக்குச் சமமாகத்தான் நினைப்போம். அவளும் சரியென்றாள். கரை முழுக்கப் பரப்பி, தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையை மேலே ஊற்றிவிட்டுப் போனோம்.

காலையில் பார்த்தால் கடல் முழுக்க வெறுந்தேத்தண்ணி. சீனி மட்டும்தான் குறை.

உலகத்துக்கே தேயிலை ஏற்றுமதி செய்கிற ஊரில் இரண்டு பேர், அதில் ஒருத்தி மனையியல் டீச்சர், தேயிலை மேல் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. புஷ்பம் குனிந்து பார்த்தாள். “சாயம் நல்லா எறங்கியிருக்குங்க” என்றாள். சிரித்தாள். அந்த மூன்று கிழமையில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

எல்லாவற்றையும் சுரண்டி எறிந்துவிட்டு மறுபடி வர்ணம் பூசினாள். இந்தத் தடவை ஓயா மணல். தண்ணீருக்கு என்ன செய்வது? வாகனத்துக்கு டிங்கரிங் செய்கிற கராஜ்காரர் ஹனீபா வழி சொன்னார். ரெசின் என்று ஒரு சாமான், எண்ணெய் மாதிரி இருக்கும். இன்னொரு மருந்தைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து ஊற்றினால் கண்ணாடியாக இறுகிவிடும். ஒரேயடியாக ஊற்றக்கூடாது, வெடித்துவிடும். ஒரு நாளைக்கு ஒரு மெல்லிய படலம். நாலு தடவை ஊற்றினால் போதும் என்றார்.

ஒரு திங்கட்கிழமை பின்னேரம் முதல் படலம் ஊற்றினாள்.

அதே திங்கட்கிழமைதான் நானும் ஆஸ்பத்திரிக்குப் போகத் தொடங்கினேன். மூன்று கிழமை என்று சொல்லியிருந்தார்கள், ஒரு கிழமைதான் முடிந்திருந்தது. அதனால் என்ன? கொழும்பில் யாராவது சுறுசுறுப்பாக இருந்து முன்கூட்டியே அனுப்பியிருக்கலாம் அல்லவா? கச்சேரியில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மத்தியானம் ஒரு ஓட்டம். ரிப்போர்ட் கொடுக்கிற ஜன்னலில் இருந்த பிள்ளை முதல் நாள் விளக்கமாகச் சொன்னது. இரண்டாம் நாள் சுருக்கமாகச் சொன்னது. மூன்றாம் நாள் என்னைத் தூரத்தில் கண்டதுமே தலையை ஆட்டிவிட்டது. நான் அப்படியே திரும்பி, மார்க்கெட்டை ஒரு சுற்றுச் சுற்றி, ஸ்டேஷன் வரை போய் நிற்கிற ரயிலைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருவேன். வாசலில் புஷ்பம் என் கையைப் பார்ப்பாள். ஒன்றும் கேட்கமாட்டாள். உள்ளே போய் ரெசின் டின்னைத் திறப்பாள்.

எனக்கு எரிச்சல் வரும். உன் கழுத்து, உன் ரிப்போர்ட், நான் நாயாக அலைகிறேன், நீ தண்ணீர் ஊற்றி விளையாடுகிறாய்! வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு பின்வளவுக்குப் போய்க் கிணற்றைச் சுற்றி நடப்பேன்.

வியாழக்கிழமையோடு நாலு தடவை ஆகிவிட்டது. கடல் அச்சு அசலாக இருந்தது. படிகளில் இரண்டு தண்ணீருக்குள், ஐந்து மேலே. சரி, முடிந்தது என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் மறுபடி ஊற்றினாள்.

ஹனீபா நாலு தடவை போதும் என்றாரே என்றேன்.

“இன்னும் ஒரு தடவங்க” என்றாள்.

சனி, ஞாயிறு ஊற்றவில்லை. ஏனென்று நான் கேட்கவும் இல்லை. திங்கட்கிழமை ஊற்றினாள். செவ்வாய்க்கிழமைதான் மேலே சொன்ன கைரேகைச் சம்பவம். பதுளைப் பனியில் படலம் இறுக நேரமெடுக்கும் என்று யாருக்குத் தெரியும்? அன்றைக்கு அவள் ஊற்றியபோது, என் பள்ளத்தை மூடத்தான் ஊற்றுகிறாள் என்று நினைத்தேன். பள்ளம் மூடிவிட்டது. ஆனால் புதன் ஊற்றினாள். வியாழன் ஊற்றினாள். மீன்வலை முழுகியது. ஒரு படகு அசையாமல் முக்கால்வாசி உள்ளே போய்விட்டது. இவளுக்கு என்ன வந்தது என்று உண்மையிலேயே எனக்குப் பயம் பிடித்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜன்னல் பிள்ளை தலையை ஆட்டவில்லை. கையை நீட்டி ஒரு கவரைக் கொடுத்தது.

பிரிக்கவில்லை. நான், எதையும் பொறுக்காத நான், பிரிக்கவில்லை. கிளினிக்கில் நாற்பது பேருக்குப் பின்னால் நின்றேன். டொக்டர் வாசித்தார். மறுபடி மேலிருந்து வாசித்தார்.

“ஒரு பயமுமில்லை. சாதாரணக் கட்டிதான். குளிசை போட்டாக் காணும்” என்றார்.

அவருக்கு நன்றி சொன்னேனா என்று ஞாபகமில்லை. வீட்டுக்கு ஓடினேன். இந்த வயதில், தொப்பையோடு, கடைவீதி நடுவே. 

புஷ்பம் பள்ளிக்கூடம் விட்டு வந்து, சேலைகூட மாற்றாமல், முன்னறையில் நின்று ஒரு பழைய பால்மா டின்னில் ரெசினைக் கலக்கிக்கொண்டிருந்தாள். என் கையைப் பார்த்தாள். கவர் இருந்தது. கலக்குவதை நிறுத்தவில்லை. கரண்டி டின்னில் படபடவென்று தட்டுப்படுகிற சத்தம் கேட்டது.

“ஒண்ணுமில்ல புஷ்பம். சாதாரணக் கட்டியாம். மருந்துதான்.”

டின்னைப் பலகை ஓரத்தில் வைத்தாள். தரையில் உட்கார்ந்தாள். சத்தமில்லாமல் அழுதாள். நான் என்ன செய்வதென்று தெரியாமல் கடலைப் பார்த்தேன். ஏழு படியில் ஆறு முழுகியிருந்தது. ஒரு படிதான் மிச்சம்.

எத்தனை தடவைதான் ஊற்றினாய் என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது?

“ஒம்பது” என்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “நீங்க ஒம்பது நாளு வெறுங்கையோட வந்தீங்க. நீங்களாச்சும் ரோட்டுல நடந்தீங்க. நான் எங்கங்க நடப்பேன்?”

மூன்று கிழமையாக அந்த வீட்டில் கவலைப்பட்டது நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன், வாசகர்களே. கவலை காலில் இருந்தால் ஊருக்கே தெரிகிறது. கையில் இருந்தால் பக்கத்தில் படுத்திருப்பவனுக்குக்கூடத் தெரிவதில்லை. இருபது வருஷமாக அவள் பேசாமல் இருந்ததையெல்லாம் நிம்மதி என்று நான் எழுதிவைத்திருக்கிறேன். இப்போது ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும்.

கலக்கிய ரெசின் டின்னில் இறுகத் தொடங்கியிருந்தது. வீணாகப் போகிறதே, ஊற்றிவிடலாமே என்று எடுக்கப்போனேன்.

புஷ்பம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“போதுங்க. இனிமே காயட்டும்.”