ஆடித்தபசு அன்று வந்த ஓ.டி.பி.

எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே எங்கள் வீட்டில் இரண்டு விஷயங்கள் முடிவாகியிருந்தன. ஒன்று, அப்பாவுக்குக் கத்திரிக்காய் ஆகாது. இன்னொன்று, மாமா மகள் எங்கள் அண்ணனுக்குத்தான். இரண்டைப் பற்றியும் யாரும் யாரிடமும் அபிப்பிராயம் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். சங்கரன்கோவிலில் எங்கள் தெருவிலிருந்து கூப்பிடு தூரத்தில் அவருடைய வீடும் அதை ஒட்டி விசைத்தறி செட்டும் இருந்தன. எங்கள் அண்ணன் பத்தாம் வகுப்போடு படிப்புக்குக் கும்பிடு போட்டுவிட்டு அங்கேதான் தறி ஓட்டினான். அம்மா அதே செட்டில் தார் சுற்றினாள். அதாவது, ஊடை நூலைச் சின்னக் கட்டைகளில் சுற்றித் தறிக்குக் கொடுக்கிற வேலை. மகளைக் கொடுக்கும்போது செட்டும் கூடவே அண்ணனுக்கு வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்.

மாமா மகளை நான் மதினி என்றுதான் கூப்பிட்டேன். நான் ஏழாம் வகுப்பு படித்த பெண்கள் பள்ளியில் அவள் பன்னிரண்டு படித்தாள். காலையில் எனக்கு இரட்டைச் சடை போட்டுவிட்டு, சாயங்காலம் அதே சடையைப் பார்த்து, "ஏட்டி, ஆட்டுக்குட்டி மேஞ்ச மாரில்லா இருக்கு" என்று சிரிப்பாள். அவள் எங்கள் வீட்டுக்கு வந்தபிறகு எங்கே படுப்பாள், நான் எந்தப் பக்கம் படுப்பது என்பது வரை நான் தீர்மானித்து வைத்திருந்தேன். அண்ணனுக்கு எங்கே இடம் என்று யோசிக்கவில்லை.

அந்த வருடம் எங்கள் பள்ளிக்கு ஒரு திட்டம் வந்தது. பன்னிரண்டு முடிக்கிற பிள்ளைகளில் ஒருத்தி விடாமல் மேலே படிக்கப் போக வேண்டும், யார் எதைப் படிக்கலாம், எங்கே படிக்கலாம் என்று சொல்லிக் கொண்டுபோய்ச் சேர்க்கிற பொறுப்பு பள்ளிக்கு. திட்டம் மேலே இருந்து அழகாகத்தான் இறங்கி வந்தது. இறங்கிய இடத்தில் பாதிக்கு மேல் உயிர் இல்லாத கம்ப்யூட்டர்களும் ஒரு கெமிஸ்ட்ரி டீச்சரும் மட்டும் இருந்தார்கள். பெற்றோர் கூட்டம் போட்டார்கள். டீயும் வடையும் மிஞ்சிப்போய், நாங்கள் ஏழாம் வகுப்புக்காரர்கள் தின்று தீர்த்தோம். பயிற்சி கொடுக்க வெளியூரிலிருந்து வந்த மேடம் அதைப் பார்த்துவிட்டு, அவர்கள் வரமாட்டார்கள், நாம்தான் போக வேண்டும், ஒரு டீச்சரோடு ஒரு அம்மாவும் சேர்ந்து வீடு வீடாகப் போங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஒரு அம்மா, எங்கள் அம்மா. பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு அவள்தான் தலைவி. தேர்தல் நடந்த அன்று நேரத்துக்கு வந்த குற்றத்துக்காக அவளைத் தலைவி ஆக்கியிருந்தார்கள்.

ஆனால் ஆனபிறகு அவள் விடவில்லை. செட்டிலிருந்து வந்து முகத்தைக் கழுவிக்கொண்டு டீச்சரோடு கிளம்புவாள். வீட்டில் தனியாக விட முடியாது என்று என்னையும் இழுத்துக்கொண்டு போவாள். வாசலில் நின்றபடியே பேச்சைத் தொடங்குவாள். பெரும்பாலும் எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான் வரும். பிள்ளைக்கு மாப்பிள்ளை பார்த்தாயிற்று. அம்மாவிடம் அதற்கு ஒரு மறுபதில் இருந்தது.

"மாப்பிள எங்க போயிறப் போறான் மைனி? காலேஜிக்குத்தான் கடைசித் தேதி இருக்கு."

இதைக் கேட்டதும் எப்பேர்ப்பட்டவர்களுக்கும் சிரிப்பு வந்துவிடும். சிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. திண்டாடிக்கொண்டிருந்த திட்டம் அம்மா வாயில் ஏறி நடக்க ஆரம்பித்தது. டீச்சரே அந்த வசனத்தை மற்ற டீச்சர்களிடம் சொல்லிச் சொல்லி, ஊரில் பாதிப் பேருக்கு அது மனப்பாடம் ஆகிவிட்டது.

இதற்கிடையில் வகுப்பில் யார் யார் என்ன ஆகப் போகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். எல்லோரும் டாக்டர், கலெக்டர் என்று சொல்ல, மதினி மட்டும் துணி நெசவு சம்பந்தமான இன்ஜினியரிங் என்றாளாம். கோயமுத்தூரில் இருக்கிறது என்றும் சொன்னாளாம். மாமா இதை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். "நெய்யுததுக்குக் கோயமுத்தூர்ல போய்ப் படிக்கணுமாம்லா! இங்கன செட்டுல வந்து நின்னா நானே சொல்லிக் குடுத்துட்டுப் போறேன்" என்பார். பள்ளியிலேயே எல்லோருக்கும் விண்ணப்பம் போட்டார்கள். மதினிக்கும் போட்டார்கள். மாமா அதையும் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டார்.

மார்க் வந்தது. ரேங்க் வந்தது. மதினிக்குக் கோயமுத்தூர் கிடைத்துவிடும் என்று ஆனபோது மாமா சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

"ஒங்க அண்ணன் வீட்டுக்கு எப்பம்மா போவோம்?" என்று டீச்சர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"போவோம் டீச்சர், போவோம்" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். யார் வீட்டு வாசலிலும் தயங்காதவள், அந்த ஒரு வாசலை மட்டும் தள்ளிப்போட்டாள். மதினி எங்கேயும் போகாமல் இருந்தால் போதும் என்று நான் கோமதியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன்.

கல்லூரிகளை வரிசைப்படுத்திப் பதிவு செய்யக் கடைசி நாள், கோமதியம்மன் கோயில் திருவிழாவான ஆடித்தபசு அன்று வந்து விழுந்தது. உள்ளூர் விடுமுறை. கம்ப்யூட்டர் ரூம் பூட்டிக் கிடந்தது. தெருவெல்லாம் வெளியூர்க் கூட்டம். டீச்சர் வண்டியை எங்கேயோ போட்டுவிட்டு, லேப்டாப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"அஞ்சு மணிக்கு மூடிருவாங்கம்மா. பிள்ள எல்லாத்தையும் போட்டு வச்சிருக்கா. ஓ.டி.பி. மட்டும் வேணும்."

பள்ளியில் விண்ணப்பம் போட்டபோது எல்லாப் பிள்ளைகளும் அப்பா நம்பரைத்தான் கொடுத்திருந்தார்கள். வேறு நம்பர் ஏது? உறுதி செய்கிற எண் அந்த போனுக்குத்தான் வரும். அந்த போன் இருப்பது மாமா சட்டைப் பையில். திட்டம் போட்டவர்கள் எல்லாவற்றையும் யோசித்தார்கள், அந்தச் சட்டைப் பையை யோசிக்கவில்லை. அம்மா சேலையை உதறிச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

தபசு அன்று தறி ஓடாது. எப்போதும் சடசடவென்று இரைகிற மாமா வீடு அன்று அமைதியாகக் கிடந்ததே எனக்குப் பயமாக இருந்தது. அண்ணன் அங்கேதான் இருந்தான். மாமா எழுந்து நின்று வரவேற்றார்.

"வாங்க டீச்சர். தபசு பாக்க வந்தியளா, தங்கச்சிக்குத் துணைக்கு வந்தியளா?"

டீச்சர் விஷயத்தைச் சொன்னார். ஜன்னல் பக்கம் போய் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஏதோ தட்டினார். மாமா சட்டைப் பையில் போன் சத்தம் கேட்டது. மாமா அதை எடுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு ஸ்டூல் மேல் கவிழ்த்து வைத்தார்.

"நம்பர் வந்துட்டு டீச்சர். ஆனா அதச் சொல்லுத பொறுப்பு என்னது இல்ல. இன்னுங் கொஞ்ச நாளு போனா அவ அவுக வீட்டுப் பிள்ள. படிக்க அனுப்பணுமா வேண்டாமான்னு மாமியாக்காரி சொல்லட்டும். அவ சொன்னா சரி."

அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். தங்கச்சி நம் பக்கம்தான் என்ற நம்பிக்கையில் வந்த சிரிப்பு. மதினி காபித் தட்டோடு அடுக்களை நடையில் நின்றாள். தட்டை இறக்கி வைக்க மறந்துபோயிருந்தாள். அண்ணன் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா, வேண்டாம் என்று சொல்லு, வேண்டாம் என்று சொல்லு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"அந்த நம்பருக்கு டைம் முடிஞ்சிட்டு. மறுபடியும் அனுப்பணும்" என்றார் டீச்சர். "சிக்னல் வேற விட்டு விட்டு வருது."

மாமா குரலைத் தணித்தார். "ஏட்டி, நல்லா யோசி. நாலு வருசம் வெளியூர்ல படிச்சிட்டு வாரவ கண்ணுக்கு ஒம் மவன் தெரிவானா? செட்டையும் அவனுக்குன்னுதான வச்சிருக்கேன்."

"மாப்பிள எங்க போயிறப் போறான்னு ஊருல எத்தன நடையில நின்னு சொல்லிருக்கேன் அண்ணே" என்றாள் அம்மா.

"அது ஊருல உள்ளவங்களுக்குச் சொன்னது."

"அப்ப நம்ம பிள்ளைக்கு மட்டும் வேற சொல்லணுமாக்கும்?"

"திரும்பி வந்து, அவ வேண்டாம்னுட்டா?"

வெளியே தேரடிப் பக்கம் மேளச் சத்தம் வந்து போனது. டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

"வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிட்டுப் போறா. எம் மவன் கேட்டுக்கிடுவான்" என்றாள் அம்மா.

அண்ணன் அப்போதுதான் தலையை நிமிர்த்தினான். போன் இரண்டாம் தடவை சத்தம் போட்டது. மாமா கை நீட்டவில்லை. அம்மாவே ஸ்டூலிலிருந்து அதை எடுத்தாள். கண்ணாடி கொண்டு வரவில்லை, அதனால் கையை நீட்டி எட்டப் பிடித்துக்கொண்டு, தார் எண்ணுகிற அதே குரலில் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். டீச்சர் தட்டினார். வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது. எனக்கு அது நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும் போலிருந்தது.

"ஆயிட்டு" என்றார் டீச்சர்.

அம்மா போனை முந்தானையில் துடைத்து, இரண்டு கையாலும் மாமாவிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. கொஞ்ச நேரம் நீட்டியபடி நின்றுவிட்டு, ஸ்டூலிலேயே வைத்தாள்.

"காப்பி குடிச்சிட்டுப் போங்க டீச்சர்" என்றார் மாமா. டீச்சரை மட்டும்தான் சொன்னார்.

திரும்பி வரும்போது கூட்டத்தில் விவசாயம் பார்க்கிற சம்சாரிகள் பருத்தியும் வத்தலுமாக அம்மனுக்கு வாரி இறைத்துச் சூறை விட மடியைக் கட்டிக்கொண்டு போனார்கள். நான் அம்மாவின் கையை உதறினேன்.

"மதினி இனிமே நம்ம வீட்டுக்கு வரமாட்டாளா?"

"வருவா. லீவு விட்டா வருவா" என்றாள்.

சொன்ன சொல்லை மாமா மீறவில்லை. மதினியை அவரே கோயமுத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போய், வாளி, தலையணை எல்லாம் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார். வந்த மறுநாள் செட்டில் அண்ணன் தறிக்கு வேறு ஆள் நின்றான். அம்மாவின் தார் சுற்றும் இடத்திலும் வேறு பெண் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் இன்னொரு செட்டில் வேலைக்குச் சேர்ந்தான். அம்மாவிடம் அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் கேட்காததை எல்லாம் சேர்த்து நான் கேட்டேன். நீதான் கெடுத்தாய் என்று ஒவ்வொரு சண்டையிலும் சொன்னேன். அந்தப் பக்கம் பள்ளியில், வருடா வருடம் அம்மாதான் தலைவி.

மறு வருடம் எனக்குச் சடங்கு. தாய்மாமன் சேலையும் மாலையும் கொண்டுவர வேண்டும். அம்மாவும் அப்பாவும் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துவிட்டு வந்தார்கள். மண்டபத்தில் என்னை உட்கார்த்தி வைத்திருந்தார்கள். நல்ல நேரம் முடியப் போகிறது என்று ஆளாளுக்குச் சொல்ல, அப்பா யாரோ ஒரு மாமா முறைக்காரரைப் பிடித்துக்கொண்டு வந்து, கடையில் வாங்கிய சேலையை அவர் கையால் கொடுக்க வைத்தார். என் அழுகையைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள்.

அதெல்லாம் முடிந்து பந்தியும் தொடங்கிவிட்டது. அம்மா மட்டும் மண்டப வாசலிலேயே நின்று, செட்டு இருக்கிற தெரு திரும்புகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கூடப்பிறந்தவர் என்று இருந்தது அவர் ஒருவர்தான். அது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆனாலும் அவள் என் சீர்ச் சேலைக்காகத்தான் நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, எனக்கு இருந்த கோபத்தில், மேடையிலிருந்தே கத்தினேன்.

"யம்மா, மாமா இனிமே வரமாட்டாவ. நீ உள்ள வா."