அருவியில் முடிந்த ஓட்டம்

எங்கள் கடையில் முக்கியமாக விற்பது துவர்த்துதான். வெளியூர்க்காரர்கள் அதை டவல் என்று கேட்பார்கள். திற்பரப்பில் அருவிக்கு இறங்குகிற சாலையோரம் கடை. பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம் என்று கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட்டிருப்போம். கூடவே தேங்காய் எண்ணெய்ப் பாக்கெட், சோப்பு, அரைக்கால் சட்டை, போன் நனையாமல் இருக்கப் போட்டுக்கொள்ளும் பிளாஸ்டிக் உறை. இதெல்லாம் என் கணவரின் பொறுப்பு. பக்கத்திலேயே ஒரு அடுப்பை வைத்து சாயாவும், நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரிக்கிற பழம்பொரியும் போடுவது என் பொறுப்பு.

நான் பிறந்தது களியக்காவிளையில், பெரிய ரோட்டை ஒட்டிய வீட்டில். இரவும் பகலும் லாரிகள் போகும். லாரி போகவில்லை என்றால்தான் தூக்கம் கலையும். திற்பரப்பில் கல்யாணம் பேசியபோது, என்னோடு படித்தவர்கள், "உனக்கென்ன, அருவிச் சத்தம் கேட்டுக்கிட்டே உறங்கலாம்" என்றார்கள். வந்து பார்த்தால், வீடு மேட்டுக்கு அந்தப் பக்கம், ரப்பர் தோட்டத்துக்குள். அங்கே அருவி கேட்காது. கடையிலும் கேட்காது. டூரிஸ்ட் பஸ்ஸின் ஹார்னும், அதற்குள் போடுகிற பாட்டும், சிப்ஸ் கடையில் காய் சீவுகிற சத்தமும்தான் கேட்கும். அருவிக்கு இவ்வளவு அருகில் இருந்துகொண்டு அதைக் கேட்காமலே என் பிள்ளை வளர்ந்து, படித்து, துபாய்க்குப் போய்விட்டான்.

எங்களுக்கு வாரத்தில் ஒரே நாள்தான் நாள், ஞாயிற்றுக்கிழமை. மற்ற நாள்களெல்லாம் அதற்குக் காத்திருக்கிற நாள்கள். ஓட்டம் நடந்த அந்த வருடம் மழை விடவே இல்லை. அருவிக்கு வருகிற கோதையாறு செம்மண் கலங்கலாக வந்தது. குளிக்கத் தடை போட்டு, கயிறு கட்டி, போலீஸ் நின்றது. வந்த பஸ்கள் திரும்பிப் போயின. துவர்த்துகள் கயிற்றிலேயே தொங்கி வெளுத்தன. ஒருவழியாகத் தண்ணீர் தெளிந்து, தடையை எடுத்து, ஆட்கள் வரத் தொடங்கிய நேரத்தில்தான் நாகர்கோவிலில் இருந்து ஒரு டீச்சர் வந்தார்.

கல்லூரியில் படிப்பிக்கிறவர். மெலிந்த உடம்பு, ஓடுகிறவர்கள் போடுகிற ஷூ. கூட இரண்டு பேர். கடைக்காரர்கள் எல்லாரையும் சிப்ஸ் கடை முன்னால் கூட்டி விஷயத்தைச் சொன்னார். தக்கலையில் தொடங்கி, குலசேகரம் வழியாக வந்து, எங்கள் அருவியில் முடிகிற மாதிரி ஒரு ஓட்டப் பந்தயம். வருகிற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் வண்டி எதுவும் விடமாட்டார்கள். ஓட்டம் முடிந்த பிறகுதான் ரோட்டைத் திறப்பார்கள்.

"ஞாயித்துக்கெழம ரோட்ட அடைச்சா நாங்க என்ன செய்யது டீச்சரே?" என்றார் சிப்ஸ் கடைக்காரர். "வாயப் பாத்துட்டு இருக்கவா?"

"ஓடி முடிச்சவங்க குளிக்காமப் போவாங்களா அண்ணாச்சி? எல்லாரும் அருவியிலதான் எறங்குவாங்க. குடும்பத்தோட வர்றவங்களும் உண்டு. முந்தின நாளே வந்து தங்குவாங்க. உங்களுக்கும் நல்லதுதானே?"

என் கணவர் அதுவரை பேசவில்லை. அவர் எப்போதும் கடைசியில்தான் பேசுவார். "ஓடுதவன் துவர்த்தா வாங்குவான்?" என்றார். "அவன் வாங்குறது மூச்சு மட்டுந்தான்."

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார். ஆனால் அனுமதியெல்லாம் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது. எங்களிடம் கேட்க வரவில்லை, சொல்லிவிட்டுப் போகத்தான் வந்திருந்தார். அவரைக் குற்றம் சொல்லவும் தோன்றவில்லை. போகும்போது என்னிடம் ஒரு சாயா வாங்கிக் குடித்துவிட்டு, "நல்லாயிருக்கு அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் ரோடு போட ஆட்கள் வந்தார்கள். எத்தனையோ வருடமாகக் குண்டும் குழியுமாகக் கிடந்த ரோடு. மழை பெய்தால் எங்கள் கடை முன்னால் ஒரு சின்னக் குளமே நிற்கும். அதை நிரப்பி, மேலே தார் ஊற்றி, உருளை ஓட்டினார்கள். தார் வாசனையில் என் பழம்பொரி வாசனை எடுபடவில்லை. என் கணவர் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நாம கேட்டப்ப போடல்ல. ஓடுதவன் கால் மடங்கிரும்னு போடுதாவ" என்றார்.

"எதுக்காகப் போட்டா என்ன? ரோடு நமக்குத்தானே கெடக்கும்?" என்றேன்.

அன்று சாயங்காலம், ஆள் இல்லாத நேரத்தில், செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் புதுத் தாரில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வந்தார். நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது நாங்கள் கடையைத் திறந்து வைத்திருந்தோம். பழக்கம்தான் காரணம். எல்லாக் கடையும் திறந்திருந்தது. சிப்ஸ் கடையில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. மீன் பொரிக்கிறவள் மசாலா தடவிய மீனை வாழையிலையால் மூடி வைத்துவிட்டுக் கன்னத்தில் கை கொடுத்து உட்கார்ந்திருந்தாள். ஓட்டம் தக்கலையில் இப்போதுதான் தொடங்கியிருக்கும். ரோட்டில் ஒரு வண்டி இல்லை. ரப்பர் மரங்களுக்கு இடையில் இருந்து பனி இறங்கி வந்து புது ரோட்டின் மேல் படுத்துக் கிடந்தது.

அடுப்பைப் பற்ற வைக்கக் குனிந்தபோதுதான் அது கேட்டது. முதலில் எங்கோ மழை பெய்கிறது என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தேன், வானம் தெளிவாக இருந்தது. சத்தம் நிற்கவில்லை. பக்கத்து அறையில் நிறையப் பேர் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருக்கிற மாதிரி, ஒரு சொல்லும் பிரிந்து கேட்காமல், ஒரே சீராக. அடுப்பைப் பற்ற வைக்காமல் அப்படியே நின்றேன்.

"இஞ்ச பாருங்க" என்றேன். "கேக்கியளா?"

"என்னது?"

"அருவி."

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். கயிற்றில் துவர்த்துகள் அசையாமல் தொங்கின. "ஆமா, கேக்குது" என்றார்.

எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை. "குளிக்கப் போவமா?" என்றேன்.

"ஆரு? நாமளா?"

கல்யாணமான புதிதில் ஒருமுறை குளித்தோம். அதன் பிறகு இல்லை. கூட்டம் வரும்போது கடையை விட முடியாது. கூட்டம் இல்லாதபோது அருவியில் கயிறு கட்டியிருக்கும். ஊரெல்லாம் வந்து குளிக்கிற இடத்தில் நாங்கள் துவர்த்தை மட்டும் விற்றுக்கொண்டிருந்தோம். அவர் கயிற்றைப் பார்த்தார். விற்கிற துவர்த்தை அவர் இதுவரை ஒன்றுகூட எடுத்து உபயோகித்ததில்லை. நானே போய் இரண்டை உருவினேன். ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள். "இதுக்கு ஆரு காசு தருவா?" என்று கேட்டார், கேட்டுக்கொண்டே வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

டிக்கெட் கொடுக்கிற இடத்தில் இருந்தவர் எங்களைப் பார்த்து, "போங்க போங்க. இன்னைக்கு ஆரு கேக்கதுக்கு இருக்கா?" என்றார்.

பாறையெல்லாம் ஈரமாக, கறுப்பாக, ஆள் கால் படாமல் கிடந்தது. தண்ணீர் வெள்ளை வெள்ளையாக விழுந்துகொண்டிருந்தது. பெண்கள் குளிக்கிற பக்கத்தில் நான் தனியாக இறங்கினேன். முதலில் குளிர்ந்து நடுங்கிவிட்டேன். பிறகு தலையைக் கொடுத்தேன். தண்ணீர் தலையில் விழுந்ததும் எல்லாம் அடங்கிவிட்டது. துபாய்க்குப் போன பிள்ளை, வெளுத்துப்போன துவர்த்து, பொரித்து மிஞ்சுகிற பலகாரம், எதுவும் நினைவில் இல்லை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கண்ணைத் திறந்தபோது பக்கத்தில் மீன் பொரிக்கிறவள் நின்றுகொண்டிருந்தாள். "ஏட்டி, என்னைய விட்டுட்டு வந்துட்டியா?" என்று கேட்டுவிட்டு அவளும் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆண்கள் பக்கத்தில் சிப்ஸ் கடைக்காரர், படகு விடுகிறவர், தொப்பி விற்கிறவர் என்று ஒவ்வொருவராக வந்து சேர்ந்திருந்தார்கள். என் கணவரைக் கண்ணால் தேடிப் பிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. சட்டை இல்லாமல் அவரை வெளிச்சத்தில் பார்த்து வெகுகாலம் ஆகிவிட்டிருந்தது. கை இரண்டும் கறுத்து, தோளும் முதுகும் வேறு யாருடையவோ போல வெளுத்திருந்தன. இரண்டு கையையும் பாறையில் ஊன்றிக்கொண்டு, முதுகைத் தண்ணீருக்குக் கொடுத்து நின்றார். யாரும் யாரோடும் பேசவில்லை. பேசினாலும் கேட்டிருக்காது.

முதல் ஆள் வந்ததை, குளித்துவிட்டு மேலே போயிருந்த படகு விடுகிறவர்தான் பார்த்தார். அவர் கையை ஆட்டிக் கூப்பிட, எல்லாரும் ஈரத்தோடு மேலே ஓடினோம். மெலிந்த ஒரு இளைஞன், பனிக்குள் இருந்து வந்தான். அவன் கால் ரோட்டில் படுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. கனவில் ஓடுகிறவனைப் போல எங்களைக் கடந்து போனான். பின்னால் இன்னும் சிலர். பிறகு கூட்டம் கூட்டமாக, ரப்பர் இலைகளின் மேல் மழை தொடங்குகிற மாதிரி காலடிச் சத்தம். தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட, கடைக்காரர்கள் எல்லாரும் ரோட்டோரம் நின்று கை தட்டினோம். எங்களைப் பார்த்து ஓடுகிறவர்கள் சிரித்தார்கள். அவர்கள் வந்து குளிக்க வேண்டிய இடத்தில் எங்கள் தலை நனைந்திருந்தது.

டீச்சர் சொன்னது போலவே எல்லாரும் அருவியில் இறங்கினார்கள். ஆனால் அவர்களுடைய பைகளை ஏற்றிவந்த வண்டி, அடைத்த ரோட்டில் குலசேகரத்துக்கு அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டது. மாற்றுத் துணி இல்லை, துவட்ட எதுவும் இல்லை. குளித்தவர்கள் நடுங்கிக்கொண்டு எங்கள் கடைக்கு வந்தார்கள். போனை மட்டும் இடுப்பில் ஒரு சின்னப் பையில் கட்டி வைத்திருந்தார்கள்; அதிலேயே காசு அனுப்பினார்கள். துவர்த்து போன வேகத்தைப் பார்த்து என் கணவருக்கே ஒன்றும் புரியவில்லை. அரைக்கால் சட்டையும் போயிற்று. கயிறு காலியானது. அந்த நிறங்களெல்லாம் பாறைகளிலும் படிகளிலும் ஆட்களின் தோள்களிலும் நடமாடிக்கொண்டிருந்தன. எங்கள் கடை கால் முளைத்து ஊருக்குள் இறங்கிவிட்டது போல இருந்தது.

என் வயதிருக்கும் ஒரு அம்மா, நெஞ்சில் நம்பர் சீட்டு குத்தியிருந்தது, என் அடுப்பருகே ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார். மதுரைப் பக்கம் என்றார். சாயாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்கென்ன, தினமும் குளிப்பீங்க" என்றார்.

"இல்ல. இன்னைக்குத்தான்" என்றேன்.

அவர் என் ஈரத் தலையைப் பார்த்தார். நான்தான் கேட்டேன். "இந்த வயசுல எதுக்கு ஓடுதிய?"

"ஓடும்போது என்கிட்ட யாரும் எதுவும் கேக்க முடியாதுல்ல" என்றார். இன்னொரு பழம்பொரி வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

எல்லாருக்கும் அப்படி அமையவில்லை. பிரியாணிக்காரர் பெரிய செம்பு அண்டா நிறையப் பிரியாணி வைத்திருந்தார். ஓடியவர்கள் தயிர்ச்சோறும் அவித்த முட்டையும் பழமும்தான் கேட்டார்கள். மீன் பொரித்தவளுக்கு மதியம் ரோட்டைத் திறந்த பிறகுதான் ஆள் வந்தது. ஆட்டோக்காரர்களுக்கு ஒரு காலைப்பொழுது வீண். லாட்ஜுகள் மட்டும் முந்தின நாளே நிறைந்துவிட்டன. என் கணவருக்கும் மதியம் வந்த பஸ்காரர்களுக்குக் கொடுக்கத் துவர்த்து இல்லாமல் போயிற்று. "அண்ணே, டவல் இல்லையா?" என்று கேட்டவர்களிடம், "தீந்து போச்சு" என்று சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு கூச்சம் இருந்தது.

அடுத்த வருடம் ஓட்டத்தை எங்கள் ஊருக்குக் கொண்டுவரவில்லை. ரோடு ஒடுக்கம், பை வண்டி வர வழியில்லை, கன்னியாகுமரிக் கடற்கரைக்கு மாற்றிவிட்டோம் என்றார்கள். முன்னே எதிர்த்துப் பேசியவர்கள்தான் பஸ் ஏறி நாகர்கோவிலுக்குப் போய் டீச்சரைப் பார்த்தார்கள். என் கணவர்தான் முதலில் பேசினாராம்.

"டீச்சரே, ஒரு நாள் எங்க ரோட்ட அடைச்சுத் தாருங்க" என்று கேட்டாராம்.

டீச்சருக்கு வருத்தம்தான். ஆனால் எல்லாம் முடிவாகிவிட்டது என்று சொல்லிவிட்டார். எல்லாருக்கும் அவர் செலவிலேயே ஓட்டலில் சாயா வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

திரும்பி வந்தவர்கள், ஓட்டம் இல்லாவிட்டாலும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது கடைகளைத் தாமதமாகத் திறக்கலாமா என்று பேசினார்கள். சிப்ஸ் கடைக்காரர் சம்மதிக்கவில்லை. அவருக்கு மகள் கல்யாணம் வந்துகொண்டிருந்தது. பேச்சு அப்படியே நின்றுபோனது. புது ரோட்டில் இப்போது கார்கள் முன்னைவிட அதிகமாக, வேகமாக வருகின்றன. வியாபாரம் பரவாயில்லை. சத்தமும் கூடிவிட்டது.

கடற்கரையில் அவர்கள் ஓடிய அந்த ஞாயிற்றுக்கிழமை, கடையைத் திறக்காமல் நாங்கள் இரண்டு பேரும் நேராக அருவிக்குப் போனோம். அதற்குள் இரண்டு பஸ் ஆட்கள் வந்து இறங்கியிருந்தார்கள். பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பும் கூச்சலும். நான் இடுக்கில் தலையை நுழைத்துக் குளித்துவிட்டு மேலே வந்து, ஆண்கள் பக்கத்துப் படியில் அருகே நின்று அவரைப் பார்த்தேன். அவர் பழையபடி பாறையில் கை ஊன்றி, கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தார். பின்னால் காத்திருந்த ஒரு ஆள் அவர் முதுகைத் தட்டி, "அண்ணே, நீங்களே நின்னுக்கிட்டு இருந்தா எப்படி? நாங்க ரொம்ப தூரத்துல இருந்து வர்றோம்" என்று கத்தினார்.

என் கணவர் கண்ணைத் திறந்து, முகத்துத் தண்ணீரை வழித்துவிட்டு, "நானும்தான்" என்றார். சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் நின்றார்.