சங்குத்தீவின் ஏழாவது ஆள்

யோசெப்பினைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று இருபத்தாறு வருடங்களாக நினைத்துக்கொண்டிருந்த மடையன் நான். ஒஸ்லோவின் ட்வெய்ட்டாவில் ஒரே கட்டடத்தில் அவர் நான்காம் மாடி, நான் ஆறாம் மாடி. முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் வேலை. தமிழ்ப் பூசையில் எப்போதும் கடைசி வாங்கு. யாராவது ஊரைக் கேட்டால் "சங்குத்தீவு" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு, தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழும்பிவிடுவார்.

அதுதான் என் ஊரும். ஆனால் எனக்கு ஆறு வயதிலேயே எங்கள் குடும்பம் யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு வந்துவிட்டது. அதனால் தீவில் யார் யார் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. யோசெப்பின் மன்னார் விடுதியில் படித்தவர் என்பதால் பேச்சில் மன்னார் வாடை அடிக்கும் என்று நானே மற்றவர்களுக்கு விளக்கம் கொடுத்திருக்கிறேன். எண்பத்தெட்டில் நோர்வேயில் ஒரு விடுதிப் பள்ளியில் இடம் கிடைத்து மாணவியாக வந்தார். பிறகு ஏழு வருடம் வடக்கே மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டினார். ஒஸ்லோவுக்கு வந்து ஜெயரத்தினத்தைக் கட்டினார். அவர் சாவகச்சேரிச் சைவர், பஸ் ஓட்டியவர், ஆறு வருடத்துக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார். ஒரே மகள் சிந்தியா. இருபத்துநாலு வயது, எங்கள் தீவு அணியின் தலைவி.

அணி என்றால் பெரிதாக நினைக்கவேண்டாம். உலகத் தமிழர் விளையாட்டு விழா இந்த ஆவணியில் ஒஸ்லோவுக்கு வந்தது. பத்து நாடுகளிலிருந்து ஊர் ஊராக ஆட்கள் வந்தார்கள். பெரிய ஊர்கள் பஸ் பிடித்து, மேளத்தோடு வந்தன. நாங்கள் மொத்தம் பதினொரு பேர். ஓட்டத்துக்கு மூன்று பேர், சதுரங்கத்துக்கு ஒருவர், வலைப்பந்துக்கு ஏழு பெண்கள். ஏழு பேரில் ஒருத்திக்குச் சளித் தடிமன் வந்தாலும் மாற்றுவதற்கு ஆளில்லை. கோல் போடத் தெரிந்தவள் சிந்தியா ஒருத்திதான்.

எங்கள் ஊர்ச் சங்கச் செயலாளர் நான். முப்பது வருடம் தபால் நிலையத்தில் வேலை செய்தவன், கடதாசியில் என்னிடம் பிழை பிடிக்க முடியாது என்று பீற்றிக்கொள்கிறவன். போன விழாவில் நாங்கள் வேற்று ஊர்ப் பிள்ளைகளை இரவல் வாங்கி ஆடியதாகப் பக்கத்து ஊர்க்காரர் புகார் கொடுத்தார்கள். உண்மைதான், வாங்கினோம். அந்த வெட்கத்தில் இந்த முறை நானே ஒரு விதியை எழுதி ஏற்பாட்டுக் குழுவின் தலையில் கட்டினேன். தாயோ தகப்பனோ அந்த ஊரில் பிறந்ததற்கு அத்தாட்சி வேண்டும். எங்கள் தீவில் எல்லோரும் வேதக்காரர் என்பதால் கோயிலின் ஞானஸ்நானப் பதிவுப் பிரதி போதும்.

யோசெப்பின் தன் பிரதியைத் தரவில்லை. தேடுகிறேன் என்றார், தொலைந்துவிட்டது என்றார், வேலை கூட என்றார். எனக்குப் பொறுமை கிடையாது. அவருடைய பெயரையும் தாய் தகப்பன் பெயர்களையும் சங்கப் பதிவிலிருந்து எடுத்து நானே தீவுப் பாதருக்கு எழுதிவிட்டேன். உதவி செய்கிறேன் என்ற நினைப்பு.

பிரதி வந்தது. கூடவே பாதரின் கடிதமும் வந்தது. இதே யோசெப்பினின் பிரதியைப் போன மாதம் பரிஸிலிருந்து டிலக்சி என்ற பிள்ளையும் தன் தாயுடையது என்று கேட்டு வாங்கியிருக்கிறாள். பதிவேட்டின் ஓரத்தில் இந்த யோசெப்பினுக்குத் தொண்ணூறாம் ஆண்டு தை மாதம் எங்கள் தீவு றொபினோடு விவாகம் நடந்ததாகக் குறிப்பும் இருக்கிறது. எங்கேயாவது தவறு நடந்திருக்கிறதா என்று பாதர் கேட்டிருந்தார்.

 தொண்ணூறாம் ஆண்டு தை மாதம் எங்கள் யோசெப்பின் நோர்வேயின் வடக்கு முனையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். டிலக்சி எங்கள் அணியின் தடுப்பாட்டக்காரி. வெள்ளிக்கிழமை தாயோடு வந்து இறங்குகிறாள்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு கோபத்தோடு நான்காம் மாடிக்கு இறங்கினேன். யோசெப்பின் அதை இரண்டு தரம் வாசித்தார். மடித்து மேசையில் வைத்தார்.

"அண்ணை, அது நான் இல்லை. நான் மன்னார் மேரியம்மா."

நின்றபடியே இருந்த நான் கதிரையைத் தேடி உட்கார்ந்தேன். மீதியை அவர் சுருக்கமாகச் சொன்னார். விடுதியில் இருவரும் ஒரே அறை. நோர்வேயில் இடம் கிடைத்தது யோசெப்பினுக்கு. அவளுக்கு றொபினை விட்டு வர மனமில்லை. மேரியம்மாவுக்கோ அங்கே இருந்தால் உயிர் தப்பாது என்ற நிலை. படத்தை மாற்றி ஒட்டிய கடவுச்சீட்டோடு வந்து இறங்கியவர், முப்பத்தேழு வருடமாக அந்தப் பெயரிலேயே இருந்துவிட்டார். நோர்வேக் குடியுரிமை, கலியாணம், மகளின் பிறப்புப் பதிவு, எல்லாம் அந்தப் பெயரில்தான். வெளியே தெரிந்தால் என்ன நடக்குமோ தெரியாது. அதைவிட, மகள் இதை விளையாட்டு மண்டபத்தில் நாலு பேருக்கு முன் கேட்கப்போகிறாளே என்பதுதான் அவருடைய பயம்.

"சிந்தியாவை அணியிலை இருந்து எடுத்துவிடுங்கோ. ஏனெண்டு மட்டும் சொல்லாதேங்கோ."

அவளை எடுத்தால் அணி இல்லை. எடுக்காவிட்டால் என் விதியை நானே மீறவேண்டும். மூன்று நாள் யோசித்தேன். கடைசியில், பாதர் அனுப்பிய பிரதி குத்தியிருந்த சிந்தியாவின் படிவத்தைக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டு, மேசையில் உருவிக்கொள்ளலாம் என்று மற்றப் படிவங்களோடு ஒரே கோப்பில் வைத்துக்கொண்டு சனிக்கிழமை காலை மண்டபத்துக்குப் போனேன். வாசலில் சிந்தியா கோப்பை என் கையிலிருந்து வாங்கினாள். தலைவி தானே கொடுக்கவேண்டுமாம். நான் வாயைத் திறப்பதற்குள் பதிவு மேசையில் இருந்த துஷ்யாவிடம் நீட்டிவிட்டாள்.

துஷ்யா கெட்டிக்காரி. நான்காவது கடதாசியிலேயே நிறுத்தினாள். சிந்தியாவின் பிரதியையும் டிலக்சி அனுப்பியிருந்த பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"அங்கிள், சிந்தியாவுக்கும் டிலக்சிக்கும் ஒரே அம்மாவோ?"

மேசையைச் சுற்றி நின்றவர்கள் திரும்பினார்கள். சிந்தியா கடதாசியை எட்டிப் பார்த்தாள். சுவரோரம் தேத்தண்ணிப் போத்தலோடு நின்ற அவள் தாயின் முகத்தில் இரத்தமே இல்லை. டிலக்சியின் பின்னால் நின்ற பரிஸ்காரத் தாய் நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்த்தார். பார்த்தபடியே நின்றார். 

பிறகு அவர், ஏதோ சொல்ல வாயெடுத்த மகளின் தோளை அழுத்திவிட்டு முன்னுக்கு வந்தார். கைப்பையைத் திறந்து இன்னொரு கடதாசியை எடுத்து மேசையில் வைத்தார்.

"இதுதான் டிலக்சியின்ரை. அவளின்ரை தகப்பன்ரை பதிவு. அவரும் தீவுதான். உங்கடை செயலாளர் ஆரின்ரையோ பிரதியை மாறிக் குத்திப்போட்டார்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முப்பது வருடத் தபால் பெருமை ஒரு நொடியில் போனது. ஓம், என்ரை பிழைதான் என்றேன். என் வாயிலிருந்து இவ்வளவு சுலபமாகப் பொய் வரும் என்று எனக்கே தெரியாது. துஷ்யா டிலக்சியின் படிவத்தில் கடதாசியை மாற்றிக் குத்தினாள். பிறகு, தாய்மாருக்கும் பெயர் அட்டை உண்டு, உங்கள் பெயர் என்ன அன்ரி என்று கேட்டாள்.

அவர் சுவர்ப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"மேரியம்மா."

 தன் பெயரைத் தோழிக்கு இரண்டாம் தரமும் கொடுத்துவிட்டார். துஷ்யா அதை அட்டையில் எழுதினாள், அவர் வாங்கி நெஞ்சில் குத்திக்கொண்டார்.

முதல் ஆட்டத்தில் நாங்கள் இருபத்தொரு கோலால் தோற்றோம். இங்கே பிறந்த பிள்ளைகள் பள்ளியில் விளையாடுவது ஹொண்ட்பால். பந்தோடு மூன்றடி வைத்துப் பழகிய கால்கள், அது குற்றமான வலைப்பந்திலும் வைத்தன, நடுவர் ஊதி ஊதிக் களைத்துப்போனார். இரண்டாவது ஆட்டத்தில் டிலக்சி தடுத்து எறிந்த பந்துகளைச் சிந்தியா கோலாக்கினாள். ஒரு கோலால் வென்றோம். நான் ஆட்டத்தைப் பார்த்ததைவிட அந்த இரண்டு பெண்களைப் பார்த்ததுதான் அதிகம். ஒரே வாங்கில், இடையில் தேத்தண்ணிப் போத்தலை வைத்துக்கொண்டு, இருந்தார்கள். கைகள் கோத்திருந்தன.

ஆட்டம் முடிந்து சிந்தியா வியர்வையோடு ஓடிவந்தாள். பரிஸ்காரரைப் பார்த்துச் சிரித்தாள்.

"அம்மா, இந்த அன்ரி ஆர்? உங்களுக்கு முந்தியே தெரியுமோ?"

யோசெப்பின் திரும்பினார். பக்கத்தில் இருந்தவரின் நெஞ்சில் கிடந்த அட்டையைப் பார்த்தார். முப்பத்தேழு வருடமாக என்னைத் தவிர ஒருவருக்கும் தன் வாயால் சொல்லாத பெயரை அப்போதுதான் சொன்னார்.

"மேரியம்மா. என்னோடை படிச்ச பிள்ளை. வலு நல்லவ."

சிந்தியா தலையாட்டிவிட்டுத் தேத்தண்ணியை ஊற்றினாள்.