தங்கராஜ் சாரின் பேனல் யாரைக் கும்பிடுகிறது?

1. முதல் நாள், பதினேழு கேள்விகள்

மின்வாரியத்தில் முப்பத்தாறு ஆண்டு வேலை பார்த்து, லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றேன். பதினொரு மாதம் வீட்டில் இருந்தேன். மொட்டைமாடிப் படிகளை எண்ணி முடித்ததும் (பதினெட்டு) எண்ணுவதற்கு வேறு எதுவும் மிஞ்சவில்லை. நாகர்கோவிலில் சோலார் கடை வைத்திருக்கும் ஷீலா மேடம் என்னை சர்வே எடுக்கும் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, இரணியல் பக்கத்துல ஒரு தெரு. இருபத்திரண்டு வீடு. தங்கராஜ் சாரும் சிவதாணு அண்ணனும் போட்டாத்தான் மத்தவங்க போடுவாங்க. ரெண்டு மாசம் பாருங்க. அந்த ரெண்டு வீட்டுலயும் பேனல் ஏறலேன்னா நான் வேற ஆளத்தான் பாக்கணும்."

இருவரும் எதிரெதிர் வீடு, எதிரெதிர் கட்சி. தங்கராஜ் சார் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். மாநிலத்தை ஆளும் கட்சிக்காரர். வாசலில் கால் வைத்ததும் கேட்டார்: "மானியம் எங்கேருந்து வருகு?"

"டெல்லியிலேருந்து சாரே."

"அப்ப எடுத்துட்டுப் போவும். டெல்லிக் கரண்டுல எனக்க வீட்டு வெளக்கு கத்தாது."

தெருவைக் கடந்தேன். பன்னிரண்டு எட்டு நடை. உரக்கடை சிவதாணு அண்ணன் டெல்லியை ஆளும் கட்சி. "சூரிய கரண்டா? நம்ம கட்சி கரண்டுல்லா! இரியும், சாயா குடியும்" என்றார். சாயா வந்தது. பாதி குடிப்பதற்குள், "மிச்சம் வரக்கூடிய கரண்டு எங்க போகும்?" என்றார்.

"வாரியத்து லைனுக்கு."

"மாநில அரசுக்கா? எனக்க வெயில அவனுக்கு நான் எதுக்குவே குடுக்கணும்?"

பதினேழு கேள்விகள் கேட்டார்கள். குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். எத்தனை யூனிட் வரும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

2. தெற்கு என்னும் சிக்கல்

அன்றிரவு தூக்கம் வரவில்லை. மின்விசிறியின் சுற்றுகளை எண்ணியபடி யோசித்தேன். இவர்கள் கரண்டை வாங்கவில்லை, கட்சியை வாங்குகிறார்கள். காற்றாலை வந்த புதிதில் இதே தெருவில் பாதிப்பேர் அது மழையை விரட்டும் என்றார்கள். மீதிப்பேர் அது ஊரை வாழவைக்கும் என்றார்கள். ஆட்சி மாறியபோது இரண்டு பாதியும் பேச்சை மாற்றிக்கொண்டன. காற்றாலை மட்டும் பழையபடிதான் சுற்றியது.

ஆகவே பேச்சை மாற்றினேன். தங்கராஜ் சாரிடம், "ஒங்க மிச்சக் கரண்டுல நம்ம மாநிலத்து லைனு ஓடும்" என்றேன். சிவதாணு அண்ணனிடம், "மானியம் நேரே டெல்லியிலேருந்து" என்றேன். இரண்டும் உண்மை. ஆளுக்குப் பாதி உண்மை கொடுத்தேன், அவ்வளவுதான். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

பேனலைத் தாங்கும் ஸ்ட்ரக்சரை மாடியில் ஏற்றும் நாளில் அடுத்த தொல்லை. நம் ஊரில் பேனலைத் தெற்கே சரித்துத்தான் வைக்க வேண்டும். தங்கராஜ் சார் வீடு தெருவின் வடக்கில். தெற்கே சரித்தால் எதிர்வீட்டைப் பார்க்கும்.

"ஓய், இது அவனுக்குக் கும்பிடு போடுகது மாதிரில்லா இருக்கு!"

"கும்பிடல்ல சாரே. முறைச்சுப் பாக்குகு."

தள்ளி நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தார். "ஆமா, முறைக்கத்தான் செய்யுகு" என்று மகிழ்ந்தார். சிவதாணு அண்ணன் பேனலும் தெற்கே சரிந்ததுதான். "ஒங்க பேனலு அவருக்கு முதுகக் காட்டும்" என்றேன். அவர் எனக்கு இரண்டு வாழைப்பழம் கொடுத்தார்.

3. வெயில் இருக்க இருட்டு

திறப்பு நாள் காலை பதினொரு மணி. தெருவே கூடியது. இரண்டு வீட்டிலும் ஸ்விட்ச் போட்டோம். இன்வெர்ட்டரில் பச்சை விளக்கு எரிந்தது. கைதட்டினார்கள். ஷீலா மேடம் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ஒன்பதாவது நிமிடம் தெருமுனையில் தென்னமட்டை ஒன்று லைனில் விழுந்தது. தெருவுக்கே கரண்டு போனது. இரண்டு வீட்டுச் சோலாரும் கூடவே நின்றன. உச்சி வெயில், பேனல் பளபளக்கிறது, உள்ளே விசிறி ஓடவில்லை. பக்கத்து டெய்லர் கடையில் பழைய பேட்டரியில் விசிறி ஜம்மென்று சுற்றியது.

வாரிய லைனோடு இணைத்த ஆன்-கிரிட் சோலார் அப்படித்தான். லைன் செத்தால் அதுவும் நிற்கும். இதை நான் ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை. கட்சி பேசிய அவசரத்தில் மறந்தே போனேன்.

"இந்த வெயில்ல கரண்டு போகுமா? நம்மளக் கவுத்திட்டான்வே!" என்றார் சிவதாணு அண்ணன்.

"ஒம்ம கிட்டயும் சொல்லல்லியா? ரெண்டு பேரையும் சேத்துல்லா ஏமாத்திருக்கான்!" என்றார் தங்கராஜ் சார்.

இருவரும் ஒரே பக்கம் நின்று பேசி அந்தத் தெரு அதுவரை பார்த்ததில்லை. என்னைத் திட்டுவதற்காக ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டிருந்தார்கள். ஷீலா மேடத்தின் சிரிப்பு போய்விட்டது. என் வேலையும் போய்விட்டது என்று எண்ணிக்கொண்டேன்.

கையை நீட்டிக் காட்டினேன். தெருமுனைக் கம்பத்தில் அதற்குள் லைன்மேன் ஏறி நின்று மட்டையை எடுத்துக்கொண்டிருந்தார்.

"சாரே, செத்த லைனுன்னு நம்பி அவரு கம்பியத் தொடுகாரு. ஒங்க பேனலு இப்ப ஓடிச்சுன்னா அந்தக் கரண்டு அவருக்க கையில ஏறும். அதுனாலதான் நிக்குகு. நானும் அப்படி நின்னவன்தான். மொதல்லே சொல்லியிருக்கணும். தப்பு என்மேல."

எல்லாரும் கம்பத்தைப் பார்த்தார்கள். சிவதாணு அண்ணன் மெல்லக் கேட்டார்: "அவரு எந்தக் கட்சி?"

"மொதல்ல எறங்கட்டும்வே. பொறவு கேப்போம்" என்றார் தங்கராஜ் சார்.

தெரு முழுக்கச் சிரித்தது. லைன்மேன் இறங்கியதும் கரண்டு வந்தது. இரண்டு பச்சை விளக்கும் சேர்ந்து எரிந்தன. அவருக்கு இரண்டு வீட்டிலிருந்தும் சாயா வந்தது, இரண்டையும் குடித்தார். கட்சியைக் கேட்க எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

இப்போது அந்தத் தெருவில் பதினான்கு வீட்டில் பேனல் இருக்கிறது. புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த வீட்டிலும் என் முதல் வாக்கியம் இதுதான்: "லைன்ல கரண்டு போனா இதுவும் போகும்." இரண்டாவது வாக்கியத்துக்குள் "இது யாரு திட்டம்?" என்று கேட்டுவிடுகிறார்கள். டெல்லி, மாநிலம் இரண்டையும் சொல்லிவிட்டு, பக்கத்தில் இருக்கிற கம்பத்தைக் காட்டுகிறேன்.