அண்ணாவுக்கென்று எடுத்து வைத்த பொட்டலம்

அப்பா தள்ளாடித் தள்ளாடி நடப்பார். குடிதான் காரணம் என்று தலைமன்னாரில் எங்கள் தெருவே முடிவு கட்டியிருந்தது. மீன்பிடிக்கப் போகும்போது கடலில் வைத்துக் குடிக்கிறார் என்று நம்பிய அம்மா, ஆவணித் திருவிழாவுக்கு மடு மாதா கோயிலுக்குக் கூட்டிப்போய், இனிக் குடிப்பதில்லை என்று மாதா முன்னால் சத்தியம் செய்ய வைத்தார். சொட்டுக்கூடத் தொடாத மனிதர், மறுபேச்சில்லாமல் செய்தார். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

அண்ணாவுக்கு நாற்பதில் அதே நடை வந்தபோது தெருவின் தீர்ப்பை நான் கேட்கவில்லை. நான் உயிரியல் படிப்பிக்கிறவள். யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிப்போனேன். இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பிச் சோதித்தார்கள். ஹன்டிங்டன் என்ற மூளை நோய். அப்பாவுக்கும் அதுவாகத்தான் இருந்திருக்கும். பெற்றவர் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. வகுப்பில் நானே கரும்பலகையில் எழுதிக் காட்டும் கணக்கு அது.

போன மாரியில் அண்ணாவோடு முன்பு கடல் தொழிலுக்குப் போன கூட்டாளி ஒருவர் வீட்டுக்கு வந்தார். கரை ஒதுங்கிய கஞ்சா மூட்டையை நேவியிடம் கொடுக்க முன்னர், அண்ணாவுக்கென்று ஒரு பிடி எடுத்து வைத்திருந்தார். அண்ணாவின் கைகால் உதறலை அது அடக்குமாம். அவரைக் கோபிக்க மனம் வரவில்லை. ஒரே ஒரு தரம் திரும்ப வள்ளம் ஏறவேண்டும் என்பதுதான் அண்ணாவின் ஆசை.

அண்ணாவை இரண்டு நாள் பொறுக்கச் சொல்லிவிட்டு, அகப்பட்டதையெல்லாம் வாசித்தேன். கஞ்சாவின் சத்துப் பற்றிக்கொள்ள மூளைக் கலங்களில் வாங்கிகள் இருக்கின்றன. பூட்டுகள் என்று வைத்துக்கொள்ளலாம்; கஞ்சாதான் அவற்றின் திறப்பு, அதாவது சாவி. அவற்றைச் செய்விப்பது ஒரு மரபணு. இந்த நோயில், உடம்பின் அசைவை ஆளும் இடத்தில் அந்த மரபணு வேலையைக் குறைத்துவிடுகிறது. உதறல் வெளியே தெரிய முன்னரே பூட்டுகள் குறையத் தொடங்கிவிடுமாம். கஞ்சாவால் சுகம் கண்டதற்குத் தெளிவான சான்றும் கிடைக்கவில்லை.

"திறப்பு இருக்குது அண்ணா. பூட்டுத்தான் குறைஞ்சுகொண்டு போகுது" என்றேன்.

அவர் பொட்டலத்தை என் மடியில் வைத்தார். குலுங்கிய கையை மற்றக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"உதறல் வர முன்னமே குறையுமெண்டால், உனக்கு எப்பிடித் தங்கச்சி? சோதிச்சுப் பாத்தனியோ?"

"இல்லை அண்ணா. பயமாக் கிடக்கு."

அப்பாவைச் சத்தியம் செய்ய வைத்த அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது, தெரியாமல் செய்தார். எல்லாம் தெரிந்த நான், அண்ணாவின் இரத்தத்தைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு, என்னுடையதைக் கொடுக்காமல் இரண்டு வருடமாக இருக்கிறேன்.