சோடாவில் உடைந்த கட்டி

எனக்கு இரைப்பையில் நிணநீர்ப் புற்றுநோய். மருந்தில் கட்டி வேகமாகக் கரையும்போது, அபூர்வமாக, இரைப்பையே ஓட்டையாகிவிடும். திடீரென்று வலித்தால் உடனே ஓடி வாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

வலித்தது. எரியோட்டிலிருந்து பார்க்க வந்திருந்த என் பெரிய மாமா, தன் தொடையில் வந்த சீழ்க்கட்டியைத் தவிர வேறு நோய் அறியாத மேதை, "வாயுதேன் மாப்ள" என்று பன்னீர் சோடாவை என் வாயில் ஊற்றி அரை நாளை வீணாக்கினார்.

திண்டுக்கல்லில் வயிற்றைத் திறந்து, ஓட்டை விழுந்த பகுதியை வெட்டியெடுத்துத் தைத்தார்கள். நான் கண் விழித்தபோது மாமா வார்டுக்கே முழங்கிக்கொண்டிருந்தார்: "நான் குடுத்த சோடாவுலதேன் கட்டி ஒடஞ்சுச்சு. கட்டி ஒடஞ்சா ஆறிரும்ல?"



பக்கத்துக் கட்டில்காரருக்கும் வயிற்றுவலியாம். மாமா அவருக்கும் ஒரு சோடா வாங்கி வந்திருந்தார்.