பிரிகிட்டே சாப்பிட்ட உருளைக்கிழங்கு

போன வியாழக்கிழமை மத்தியானம், என் மனைவிக்கு நான் கட்டிக்கொடுத்த உருளைக்கிழங்கை வேறொரு பெண் ரசித்துச் சாப்பிடுவதைக் கண்டேன். என் மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்து பாண் ரொட்டியும் சீஸும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

நான் அதைக் கண்டிருக்கவே வேண்டியதில்லை. கடிதப்பெட்டியைப் பார்க்கக் கீழே இறங்கினேன். மேலே எங்கள் வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது. இந்த ஜெர்மன் நாட்டுக் கதவுகளின் குணம் உங்களுக்குத் தெரியும்தானே? சாத்தினால் பூட்டுத்தான். திறப்பு உள்ளே, நான் வெளியே. பூட்டுத் திறக்கிறவரைக் கூப்பிட்டால் ஒரு கிழமைச் சாப்பாட்டுக் காசு போய்விடும். மற்றத் திறப்பு என் மனைவி றெஜினாவிடம் இருந்தது. அவள் எங்கள் கொலோன் நகரத்து ஆற்றின் மறுகரையில், ஆஸ்பத்திரி விரிப்புகள் தோய்க்கும் ஒரு சலவைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். மாத ரிக்கற் மேற்சட்டைப் பையில் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. பெப்ரவரிக் குளிரில், வீட்டுச் செருப்போடு ட்ராம் ஏறினேன்.

கிழங்கு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நான் வேலை பார்த்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலை ஒக்டோபரில் மூடப்பட்டது. முதல் கிழமை முழுக்க நித்திரை கொண்டேன். இரண்டாம் கிழமை வேலை விளம்பரங்களைப் படித்தேன். மூன்றாம் கிழமை சந்தைக்குப் போய், ஒரு கமக்காரர் லொறியில் வைத்து விற்ற உருளைக்கிழங்கில் இருபத்தைந்து கிலோ மூட்டை ஒன்றைத் தோளில் சுமந்து வந்தேன்.

ஒரு கிழங்கைச் சுட்டாலும் ஓவன் ஒரு மணித்தியாலம் எரியத்தான் வேண்டும். இருபது கிழங்கு சுட்டாலும் கிட்டத்தட்ட அதே ஒரு மணித்தியாலம்தான். இது என் மூளைக்கு எட்டிய அன்று, ஏதோ மின்சாரத்தையே கண்டுபிடித்தவன் போல நடந்துகொண்டேன்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூசை முடிந்து வந்து ஓவனைப் போடுவேன். கிழங்குகளைத் தேய்த்துக் கழுவி, முள்ளுக்கரண்டியால் குத்தி, எண்ணெயும் உப்பும் பூசிச் சுடுவேன். ஆறியதும் இரண்டாக வெட்டி, உள்ளே இருப்பதைச் சுரண்டி எடுத்து, டின் மீனோ பருப்போ சேர்த்துப் பிசைந்து, தோலுக்குள் திரும்ப அடைப்பேன். ஈயத்தாளில் சுற்றி, திகதி எழுதி, ஃப்ரீசரின் மூன்று தட்டுகளிலும் அடுக்குவேன். றெஜினா காலையில் ஒன்றை எடுத்துக்கொண்டு போனால் சரி. வேலைத்தலத்தில் மைக்ரோவேவ் இருக்கிறது. மத்தியானச் செலவு மிச்சம்!

ஆக, வியாழக்கிழமை. சலவைத் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறை. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு ஜெர்மன் பெண், காரத்தில் மூக்குச் சிவக்க, கண்ணில் நீர் வழிய, என் கையெழுத்து இருந்த ஈயத்தாளை விரித்து வைத்துக் கரண்டியால் அள்ளிக்கொண்டிருந்தார். பெயர் பிரிகிட்டே. றெஜினாவோடு ஒரே இயந்திரத்தில் விரிப்பு மடிப்பவர்.

என்னைக் கண்டதும் றெஜினாவின் வாய் அசைவதை நிறுத்தியது. பிரிகிட்டே நிறுத்தவில்லை.

“ஆ, உருளைக்கிழங்குக் கணவர்!” என்றார். “இன்று மீன், மிக நன்றாக இருக்கிறது. செவ்வாய்க்கிழமை பருப்பு வைத்தீர்களே… அது சரியில்லை. உலர்ந்துபோயிருந்தது.”

ஜெர்மன்காரர்கள் மனதில் ஒன்றும் வைத்துக்கொள்வதில்லை. நான் நன்றி சொன்னேன். வேறு என்ன சொல்வது? திறப்பை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

பின்னேரம் றெஜினா வீட்டுக்கு வந்தாள். சப்பாத்தைக் கழற்றினாள். என் முகத்தைப் பார்த்தாள்.

“கோவமோ?”

“இல்லை. எவ்வளவு காலமா நடக்குது?”

“டிசம்பரில, நத்தாருக்குக் கொஞ்சம் முதல்தான் பிரிகிட்டேயின்ர பாணோட மாத்திச் சாப்பிடத் துவங்கினது. ஆறு கிழமை சாப்பிட்டனான் அப்பா. அதுக்குப் பிறகு ஏலாமப் போச்சு. உறைய வைச்ச கிழங்கு, சூடாக்கினாத் தண்ணி விடுது. பல்லில படேக்க மண் மாதிரி.”

“எனக்குச் சொல்லியிருக்கலாமே?”

“வேலை போன பிறகு நீங்கள் சிரிச்ச முகத்தோட இருந்தது ஞாயிற்றுக்கிழமைகளில மட்டுந்தான்” என்றாள். “கிழங்கு சுடேக்க பாட்டுக்கூடப் பாடினனீங்கள். அதை எப்பிடி நான் வேண்டாமெண்டு சொல்லுறது?”

தோற்றுப்போகும் ஆண்கள் வழக்கமாகச் செய்வதையே நானும் செய்தேன். குரலை உயர்த்தினேன்.

“நான் உமக்காகத்தானே மினக்கெட்டுச் செய்தனான்! காசு மிச்சம் பிடிக்கத்தானே!”

“ஓம். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. நீங்கள் மத்தியானத்தில என்ன சாப்பிடுறனீங்கள்?”

வாசகர்களே, இங்கேதான் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. றெஜினா வேலைக்குப் போனதும் நான் சின்னப் பானையில் ஒரு பிடி அரிசி போடுவேன். முதல் நாள் கறி இருக்கும். சாப்பிட்டுவிட்டு, பானையைக் கழுவித் துடைத்து, இருந்த இடத்திலேயே கவிழ்த்துவிடுவேன். நவம்பரில் இரண்டு நாள் கிழங்கு சாப்பிட்டுப் பார்த்தேன். மூன்றாம் நாளிலிருந்து சோறுதான்.

“அரிசிப் பேணி இறங்கிக்கொண்டே போகுது. நான் காணேல்லையெண்டோ நினைச்சீங்கள்?” என்றாள் றெஜினா. “நீங்களும் சாப்பிடேல்லை, நானும் சாப்பிடேல்லை. பிறகு ஆருக்கப்பா இந்த மிச்சம் பிடிப்பு?”

முதலில் அவள்தான் சிரித்தாள். எனக்கு இன்னும் கொஞ்ச நேரம் எடுத்தது.

வெட்கமாக இருந்தது என்பதை மறைக்கவில்லை. அவள் நின்றபடி எட்டு மணித்தியாலம் விரிப்பு மடிக்கிறாள். நான் சுடுசோறு சாப்பிட்டுவிட்டு அவளுக்குச் சிக்கனம் கட்டிக்கொடுத்திருக்கிறேன். இரண்டு மாதமாக அது தெரிந்தும் ஒரு சொல் சொல்லாமல் இருந்திருக்கிறாள்.

திங்கட்கிழமையிலிருந்து ஏற்பாடு மாறிவிட்டது. காலையில் எழும்பிச் சோறு வைக்கிறேன், இரண்டு பேருக்கும். செலவு ஒன்றும் பெரிதாக ஏறவில்லை. ஃப்ரீசரில் மிஞ்சிய கிழங்குகளை றெஜினா பிரிகிட்டேக்குக் கொண்டுபோகிறாள். அவர் பதிலுக்கு அனுப்பும் சீஸ் பாணைப் பின்னேரம் நான் சாப்பிடுகிறேன். நேற்று ஒரு துண்டுக் கடிதமும் வந்தது: ‘மீன் மட்டும் போதும். பருப்பு வேண்டாம்.’

சிக்கனத்தைப் பற்றி நாம் எவ்வளவோ பேசுகிறோம்… ஆனால் அதை எப்போதும் அடுத்தவருடைய சாப்பாட்டுப் பெட்டியில்தான் தொடங்குகிறோம்!